எலுமிச்சை மரத்துப் பக்கம்

…நடுவில் இல்லை, கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் நடுவில் இல்லை, ரசமட்டத்தின் குமிழி வேலிப் பக்கத்துக் கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதாவது வேலிப் பக்கம் உயரம், எலுமிச்சை மரத்துப் பக்கம் தாழ்வு, இதைச் சொல்ல ஒன்றும் பெரிய படிப்பு வேண்டாம், பள்ளிக்கூட காண்டீனில் இருபத்திரண்டு வருஷம் சாண்ட்விச் வெட்டிய எனக்கே தெரிகிறது, ஆனால் முப்பத்தெட்டு வருஷம் செங்கல் வைத்த என் புருஷன் நெவில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்துகொண்டு அதே குமிழியைப் பார்த்து, "பக்கா மட்டம் க்ளென், வந்து பாரு" என்கிறான். வந்து பார்த்தாயிற்று. "ம்" என்றேன். "ம்" என்பது பொய்யில் சேருமா? கான்கிரீட் லாரி பத்தரைக்கு, இப்போது ஒன்பதே முக்கால், பலகைச் சட்டம் அடித்து, ஜல்லி கொட்டி இறுக்கி, கம்பி கட்டி எல்லாம் தயாராகக் கிடக்கிறது, லாரி வந்து கொட்டிவிட்டுப் போனால் அப்புறம் சாய்ந்தது சாய்ந்ததுதான், இட்ட கான்கிரீட்டை ஊதி நிமிர்த்த முடியுமா… டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கெட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டு, சன்னல் வழியாக அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இந்த மேட்டில் உட்கார்ந்து குளிக்கிற வெந்நீர்த் தொட்டியும் வேண்டாம், அதற்குக் கான்கிரீட் தளமும் வேண்டாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். லான்செஸ்டனில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கும் சமதளம் கிடையாது, ஒரு ஆரஞ்சுப் பழம் கையிலிருந்து நழுவினால் ஆற்றங்கரையில்தான் போய்ப் பொறுக்க வேண்டும், ஆனால் ஆஸ்பத்திரியில் அவனுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண் ஜூலையில், வெந்நீரில் தினமும் அரை மணி உட்கார்ந்தால் நெவிலின் இடது கால் இளகும் என்று சொன்னாள், அவ்வளவுதான், மறுநாள் காலையில் நெவில் முளைக்குச்சியும் நூலும் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கம் நின்றான், பக்கவாதம் வந்து இரண்டு மாதமாக டிவிக்கு முன்னால் போட்ட நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷன். அன்றைக்கு நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷம்தான். பாதி மண்ணை வெட்டி அதையே மறு பாதியில் கொட்டி நிரப்பினால் சீக்கிரம் முடியுமே என்று அவனோடு வேலை பார்த்த வேய்ன் சொன்னதற்கு, "கொட்டின மண்ணு உக்காரும்டா மடையா, வெட்டின மண்ணு உக்காராது. தண்ணியும் ஆளுமா ரெண்டு டன்னு நிக்கப்போவுது, பாதி கெட்டி பாதி பொலபொலன்னா தொட்டி நடுவுல விரிஞ்சிரும்" என்று ஒரு அதட்டல் போட்டான், எனக்கு அந்த அதட்டல் காதில் தேன், பழைய நெவில் வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி. மேட்டை முழுக்க வெட்டியே எடுத்தார்கள், பின்னால் முழங்கால் உயரத்துக்குக் கல் சுவர், சுவருக்குப் பின்னால் மழைத்தண்ணீர் வடியக் குழாய், எல்லாம் அவன் வாளி மேல் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வேய்ன் செய்தது. ஆனால் மட்டம் மட்டும் அவன் யாரிடமும் விடவில்லை, அது அவன் பார்த்தது.

அதுதான் வில்லங்கம், வாளி மேல் உட்கார்ந்தால் வேலி அவனுக்கு வலது பக்கம், எலுமிச்சை இடது பக்கம். டாக்டர் மே மாதமே எனக்கு விளக்கிச் சொல்லிவிட்டார், கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் இடது பக்கத்தைச் சட்டை செய்வதில்லை என்று. ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள் நெவில் என்றார், நெவில் ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி, கட்டடத்தில் பார்க்கிற மாதிரியே பார்த்து, நடுவை விட்டு ஒரு கட்டை விரல் நீளம் வலது பக்கம் தள்ளிப் புள்ளி வைத்து, "பக்கா" என்றான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டேன். அதிலிருந்து எனக்கு ஒரு தொழில், தட்டைத் திருப்புகிற தொழில்… வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு முள்கரண்டியை வைத்துவிடுவான், இடது பாதி அப்படியே கிடக்கும், "இன்னிக்கு கொஞ்சமாத்தான் போட்டியோ" என்பான், நான் உப்பை எடுக்கிற சாக்கில், துணியால் துடைக்கிற சாக்கில், தட்டை ஒரு அரைச் சுற்றுச் சுற்றிவிடுவேன், அவன் "ஓ" என்று மறுபடி சாப்பிடுவான். இடது கன்னத்தில் விட்டுப்போன தாடியை, முத்தம் கொடுக்கிற சாக்கில் பார்த்து, "இங்க குத்துது" என்பேன். ஐந்து மாதம் தட்டைத் திருப்பியாயிற்று, சரி, கான்கிரீட்டை எப்படித் திருப்புவது? இன்று விடிந்ததும் அவன் தூங்கும்போது சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், எலுமிச்சைப் பக்கத்துப் பலகையை முளையோடு தூக்கி அடித்தேன், ஆம், அடித்தேன், என்ன செய்ய. எட்டு மணிக்கு அவன் வந்து ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, "எவன்டா இதத் தொட்டது, பறவையா பூனையா" என்று திட்டிக்கொண்டே பழையபடி தாழ்த்திவிட்டான்.

டீயை எடுத்துக்கொண்டு போனபோது வேய்ன் வந்திருந்தான். பத்தொன்பது வருஷம் நெவிலுக்குக் கலவை போட்டுக் கொடுத்தவன், கூலி வழக்கம்போல ஒரு பெட்டி பீர். அவனும் பார்த்துவிட்டான், எப்படித் தெரியும் என்றால், வந்தவுடன் பேசிக்கொண்டே இருப்பவன் வாயைத் திறக்கவில்லை, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான், கட்டியிருந்த கயிற்றையே மறுபடியும் கட்டினான். பிறகு ரொம்ப யோசித்து, "ஏன் நெவ், எலுமிச்சப் பக்கம் லேசா வாட்டம் விட்டுருக்கியோ, தண்ணி ஓடறதுக்கு?" என்றான். நல்ல பிள்ளை, வழி வைத்துக் கொடுக்கிறான், ஆமாம் என்று சொல்லிவிடு நெவில், ஆமாம் வாட்டம்தான், கொஞ்சம் கூடிப்போச்சு குறைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிடு… "தொட்டி வைக்கிற எடத்துல எவன்டா வாட்டம் விடுவான்? பீர் குடிச்சுட்டு வந்தியா? பக்கா மட்டம்டா அது." வேய்ன் என்னைப் பார்த்தான், நான் டீயைப் பார்த்தேன். "சரி, சரி. ஒண்ணும் ஆவாது, விடு" என்றான் வேய்ன். ஒண்ணும் ஆவாது, இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து, கூரை ஒழுகினாலும் ஒண்ணும் ஆவாது, கால் விளங்கவில்லையென்றாலும் ஒண்ணும் ஆவாது, நானும்தான் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

ஆனால் ஆகும். தண்ணீர் எவன் சொன்னாலும் சாயாது, தொட்டிதான் சாயும், எலுமிச்சைப் பக்கம் தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரல் கிட்ட நிற்கும், வேலிப் பக்கம் இறங்கி நிற்கும், நெவில் தினமும் அரை மணி அதற்குள் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும், ஒரு நாள் பார்ப்பான், ஒரு நாள் இல்லை ஒரு நாள் எந்தப் பக்கமாவது திரும்பி உட்கார்ந்து பார்த்தே விடுவான். அப்போது அவன் கேட்கப் போவது கான்கிரீட்டைப் பற்றியா? நீ பார்த்தாயா க்ளென் என்பான், வேய்ன் பார்த்தானா என்பான், எல்லாரும் பார்த்துக்கொண்டு என்னைச் சும்மா விட்டீர்களா என்பான். சொல்லிவிடலாமா, இப்போதே, வேய்ன் எதிரில்… சொன்னால் மறுபடி அந்த நாற்காலி, அந்த டிவி, வாயைத் திறக்காத மத்தியானங்கள். எனக்கு அந்த நாற்காலியை நினைத்தால் பயம், நேராகச் சொல்கிறேன், அவன் செத்துப்போவதை விட அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போவதுதான் எனக்குப் பயம். மணி பத்து. கொட்டகைக் கதவில் சுருட்டி மாட்டியிருந்த ட்யூப் கண்ணில் பட்டது, பத்து மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், பெரிய அஸ்திவாரம் என்றால் ரசமட்டத்தைப் பையில் போட்டுவிட்டு அதில் தண்ணீர் நிரப்பித்தான் பார்ப்பான், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும், அதில் நடு என்று ஒன்று கிடையாது, இடமும் வலமும் கிடையாது, மேலே கீழே மட்டும்தான்… மேலே கீழே அவனுக்குத் தெரியுமே!

"நெவ், ட்யூப் வெச்சு ஒரு தடவ பாத்துடேன்" என்றேன். "எதுக்கு?" "தண்ணித் தொட்டிக்குத் தண்ணியக் கேக்காம பண்ணுனா எப்படின்னு நீதான சொல்லுவ." "அது ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் போட்டப்ப சொன்னது. இது குளிக்கிற தொட்டி." "நான் குளிக்கப் போறேன்ல? எனக்காகப் பாரு." வேய்ன் அதற்குள் ட்யூபை எடுத்துக் குழாயடியில் நிரப்ப ஆரம்பித்துவிட்டான், இவ்வளவு சுறுசுறுப்பாக அவனைப் பத்தொன்பது வருஷத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வேலிப் பக்கத்து முனையை வேய்ன் பலகையோடு ஒட்டிப் பிடித்தான், எலுமிச்சைப் பக்கம் நெவில், வாளியை விட்டு எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் போய், மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான், எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. "இங்க பலக விளிம்புல நிக்குது நெவ்" என்று வேய்ன் கத்தினான். தண்ணீர் அவன் பலகைக்கு மேலே ஒரு விரல் பருமன் நின்றது, நான் அவன் தலைக்கு மேலாகப் பார்த்தேன், அவன் ட்யூபை விரலால் சுண்டினான், உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் தண்ணீர் பொய் சொல்லும், சுண்டிச் சுண்டி அடியிலிருந்து மேல் வரைக்கும் பார்த்தான், ஒரு குமிழியும் இல்லை. "வேய்ன், அசைக்காமப் புடிடா." "அசைக்கல நெவ்." மறுபடியும் ஒரு விரல். எலுமிச்சை மரத்தில் ஏதோ ஒரு பறவை பூவைக் கொத்திக் கீழே போட்டுக்கொண்டிருந்தது, ஒரு பூ அவன் சட்டைக் காலரில் விழுந்தது, எடுக்கவா வேண்டாமா என்று நினைத்தேன்.

"ரசமட்டம் போயிருச்சு" என்றான் கடைசியில். "கீழ விழுந்திருக்கும். குமிழிக் கண்ணாடி நகந்துபோயிருக்கும்." "ஆமாமா, அதான்" என்றான் வேய்ன், ஒரு மூச்சில். நானும் ஆமாம் என்றேன். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது, ட்யூபைக் கட்டி நான்கு மூலையிலும் அவனே தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, வேய்ன் முளைகளை அடித்து ஏற்ற, லாரி தெருமுனையில் பின்பக்கமாக வந்து ஹாரன் அடிக்கும்போது கடைசி ஆணி, கொட்டி, இழுத்து, தேய்த்து முடிக்கப் பன்னிரண்டரை. வேய்ன் பீர்ப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "அந்த ரசமட்டத்த ஒடச்சு எறி நெவ், வெச்சிருக்காத" என்று சொல்லிவிட்டுப் போனான். சொல்லவே வேண்டாம், அது நெவிலின் சட்டம், கெட்ட ரசமட்டம் மத்தியானம் வரைக்கும் உயிரோடு இருக்கக்கூடாது, வேறொருத்தன் தெரியாமல் எடுத்துச் சுவர் கட்டிவிடுவான் என்பான், ஒரு தடவை புத்தம் புதுசைக் கூட முழங்காலில் வைத்து வளைத்துக் குப்பையில் போட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியைச் சூடு பண்ணி, உருளைக்கிழங்கு மசித்து, பட்டாணி வைத்து, அவன் தட்டை வைத்தேன், சாஸ் பாட்டில் பின்கட்டு அலமாரியில், எடுக்கப் போனேன். அங்கே அவன் கருவிப் பை, வாய் திறந்து கிடந்தது. ரசமட்டம் அதில் இருந்தது. ஒடியவில்லை, வளையவில்லை, ஒரு பொட்டுச் சிமெண்ட் இல்லாமல் ஈரத்துணியால் துடைத்து, அதன் கித்தான் உறைக்குள் போட்டு, உறையின் கயிற்றை முடிச்சுப் போட்டு, ஒற்றைக் கையால் போட்ட கோணல் முடிச்சு… எடுத்துத் துணி துவைக்கிற மேடை மேல் வைத்து, அவன் செய்வது போலவே ஒரு தடவை பார்த்து, முனை மாற்றித் திருப்பி வைத்து மறுபடி பார்த்தேன், இரண்டு தரமும் குமிழி ஒரே இடம். அதற்கு ஒன்றுமே இல்லை. அது அவனுக்குத் தெரியும். எப்போதிலிருந்து? முழங்கால் போட்டு உட்கார்ந்தபோதா, காலையில் பறவையா பூனையா என்று திட்டினானே, அப்போதா, அதற்கும் முன்னாலா… உறைக்குள் திரும்பப் போட்டு அதே கோணல் முடிச்சைப் போடப் பார்த்தேன், எனக்கு வரவில்லை.

சாஸோடு திரும்பி வந்தால், அவன் வலது பாதியை முடித்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்திருந்தான். ஆனால் நாற்காலியைப் பின்னால் தள்ளவில்லை, இரண்டு கையும் மடியில், சன்னல் வழியாக ஈரக் கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிச்சிட்டியா?" என்றேன்.

"இல்ல" என்றான். "இன்னும் இருக்கும்னு நெனைக்கிறேன்."

தட்டை அவன் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, நான் சாஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், என் கை வழக்கம்போலத் தட்டுக்குப் போகிறது, பாதியில் நிற்கிறது, ஐந்து மாதமாகத் திருப்பியது அவனுக்குத் தெரியும் என்றால், இப்போது திருப்ப வேண்டியது நானா, அவனா…