பதின்மூன்று இலக்கம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கவனித்துவந்த மென்பொருளின் வேலையே போன் நம்பர்களுக்குச் சரி, தப்பு போடுவது. எத்தனை இலக்கம், எதில் தொடங்குகிறது என்று பார்த்து, நிஜ நம்பரா போலியா என்று கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். நகரத்து அவசர உதவி மையம்கூட அதை வாங்கியிருந்தது. விளையாட்டுக்குக் கூப்பிட்டு உயிரை எடுப்பவர்களை வாசலிலேயே தடுத்துவிடலாமே.

மனிதர்களின் நம்பருக்குப் பத்து இலக்கம். இயந்திரங்கள் தாங்களாகவே கூப்பிடுகிற சிம்களுக்கு மட்டும் புதிதாகப் பதின்மூன்று இலக்கம் கொடுத்திருந்தார்கள். அது மென்பொருளுக்குத் தெரியாது. அலாரம் பொருத்தும் மெக்கானிக் ஒருவர் இதைப் பற்றி எழுதியிருந்தார். அவள் மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

"மிஷினுக்கு என்னம்மா அப்படி அவசரம்? அது கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாம படுத்துக்குமா? அடுத்த மாசம் பாக்கலாம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். மெக்கானிக் இரண்டாவது, மூன்றாவது முறை எழுதியபோது மேனேஜரிடம்கூடப் போகவில்லை. அவளே 'பிறகு' என்று குறித்துத் தள்ளி வைத்தாள்.

அதற்கடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு மீன் குளிர்கிடங்கின் காவலாளி பெட்டிகளைச் சரிபார்க்க உள்ளே போனார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் பனியில் இறுகி அசைய மறுத்தது. சுவரில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் உதவி மையத்துக்குப் போன் போகும். திங்கட்கிழமை காலை ஆட்கள் கதவை உடைத்தபோது அவர் அந்தப் பொத்தானுக்குக் கீழே உட்கார்ந்த வாக்கில் விறைத்துக் கிடந்தார்.

செவ்வாயன்று மையத்திலிருந்து பதிவு வந்தது. ஒரே பதின்மூன்று இலக்க நம்பர், நாற்பத்தொரு வரி. ஒவ்வொன்றின் எதிரிலும் 'தவறான எண்'. முதல் அழைப்பு ஒன்று இருபதுக்கு. ஆரம்பத்தில் நிமிடத்துக்கு ஒன்றாக, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒன்றாக, பிறகு அரை மணிக்கு ஒன்றாக. கடைசி வரி ஐந்து பன்னிரண்டு. டீச்சர் மென்பொருளில் நான்கே வரி சேர்த்தாள். மறுபடி அந்த நம்பரைக் கொடுத்துப் பார்த்தாள். 'சரி' என்றது.

மறுநாள் மெக்கானிக் நேரிலேயே வந்துவிட்டார். கத்துவார் என்று பயந்திருந்தாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"உள்ள இருந்தது என் தங்கச்சி புருஷன்மா. அந்த வேலைல சேத்துவிட்டதும் நான்தான். பட்டன் இருக்கு, பயப்படாதீங்க மாப்ளேன்னு சொன்னதும் நான்தான். மூணு வாட்டி எழுதினோமே, இந்நேரம் சரி பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சிட்டேன்."

"எவ்ளோ நேர வேலைம்மா அது?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"அரை நாள் சார்."

"அரை நாளா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டவர் எழுந்து போய்விட்டார். முன்னால் வைத்த தண்ணீரைத் தொடவில்லை.

"அலாரத்துக்கு அந்த நம்பரைப் போட்டவங்க மேலதான் தப்புன்னு அறிக்கைல எழுதிடு" என்றார் மேனேஜர். "ஊர் வாயில விழாதே. உனக்கும் நல்லது."

அவள் நடந்ததை நடந்தபடி எழுதினாள். மூன்று கடிதங்களையும் சேர்த்தாள். மூன்றில் இரண்டைத் தள்ளி வைத்தது தானே என்றும் எழுதினாள். அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரணையில் 'தகவல் தொடர்பில் குறைபாடு' என்று ஒரு வரியோடு முடித்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் காவலாளியின் மனைவி போன் செய்தாள். அண்ணனிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள்.

"அவர் கடைசியா எத்தன மணிக்கு அழுத்தினார்? யாரைக் கேட்டாலும் மழுப்புறாங்க."

"அஞ்சு பன்னண்டுக்குங்க."

"அப்ப அவர் சட்டைய மடிச்சு வச்சிட்டு இருந்தேன்" என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமையும் வேலையான்னு திட்டிக்கிட்டே மடிச்சேன்."