அதிசயத் தோட்டத்தில் 'வாங்க' சொல்ல ஆளில்லை

1

இதை நான் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. நடந்தது அறுபத்தாறிலா, அறுபத்தெட்டிலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மழை பெய்யாத வருடம் என்பது மட்டும் நிச்சயம். எங்கள் பக்கத்தில் அதை ஒரு அடையாளமாகச் சொல்ல முடியாது.

கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு துக்கம் விசாரிக்கத் தாராபுரம் பஸ்ஸில் போனேன். அவிநாசிபாளையம் வந்ததும் ஜன்னல் வழியாக ஒரு இரும்பு வளைவைத் தேடினேன். 'அதிசயத் தோட்டம்' என்று சிவப்பில் எழுதிய வளைவு. காணவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் பக்கத்திலேயே பொங்கலூர்க்காரர். "அப்பிடி ஒண்ணு இருந்ததே இல்லீங்களே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்க" என்றார். அதன் பிறகு தாராபுரம் வரும்வரை நாங்கள் பேசவில்லை. நல்ல நீளமான மௌனம். எனக்குப் பிடித்த வகை. அதில் உட்கார்ந்திருக்கும்போதுதான், இல்லாத ஒரு இடத்துக்குப் போக எங்கள் குடும்பம் எவ்வளவு பாடுபட்டுத் திட்டம் போட்டது என்பதை எழுதலாம் என்று தோன்றியது.

2

முதல் வரிக்கான முயற்சிகள்:

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குடும்பம் முழுவதும் புறப்பட்டு—

(இல்லை. புறப்படுவதற்கே பாதிக் கதை ஆகிவிடும்.)

கண்ணம்மாள் அன்று கனவில் ஒரு பனிமலையைக் கண்டாள். அந்த மலையின் உச்சியில்—

(கண்ணம்மாள் என் அண்ணன் மனைவி. நங்கை என்று கூப்பிடுவேன். படுத்தால் விடியும்வரை அசையாமல் தூங்குவார். கனவு நான் போட்டது. அடித்துவிட்டேன். 'கண்டாள்' என்று ஒருமையில் எழுதியதற்கும் சேர்த்து.)

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு வேடிக்கை பார்க்கத் தெரியாது.

(கட்டுரை மாதிரி இருக்கிறது. ஆனால் உண்மை. இருக்கட்டும்.)

3

ஆட்கள் அதிகமில்லை. மூத்தவர் சென்னிமலை, பெரிய அண்ணன். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அடுத்து கந்தவேல், சின்ன அண்ணன். அவர் மனைவி கண்ணம்மாள்.* கடைசியில் நான். தறியை விற்றுவிட்டு இரண்டு நிட்டிங் மிஷின் வாங்கி, வீட்டின் முன்பாதியைக் கம்பெனி ஆக்கியிருந்தோம். சோற்றில் பஞ்சு கிடக்கும். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம்.

இவர்களோடு பக்கீர் முகமது, எங்களுக்குப் பாய். எங்களிடம் வேஸ்ட் எடுக்கும் வியாபாரி. வெட்டி மிஞ்சிய துண்டு, நூல் குப்பை, பஞ்சு எல்லாவற்றையும் மூட்டை கட்டி வாரம் ஒரு தரம் கொண்டுபோவார். பெரிய அண்ணன் சிரித்துப் பேசும் ஒரே மனிதர் அவர்தான்.

* சின்ன அண்ணனுக்கு இரண்டு பெண்குழந்தைகள். அவர்களை இந்தக் கதை முடியும்வரை வெள்ளகோவிலில் அவர்களுடைய அம்மாயி (அம்மாவைப் பெற்றவர்) வீட்டில் விட்டிருக்கிறேன். அப்போது உண்மையாகவே அங்கே இருந்தார்களா என்று நினைவில்லை. ஆனால் இங்கே இருந்தால் கதை ஒரே அழுகையில் முடிந்துவிடும்.

4

ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று தெருத்தெருவாகப் போனது. அதிசயத் தோட்டத்தில் ராட்டினம் உண்டு, கண்ணாடி அறை உண்டு, குட்டி ரயில் உண்டு, கொளுத்தும் வெயிலில் உருகாத பனிமலை உண்டு என்று கத்தியது. கொழும்பில் சம்பாதித்த யாரோ ஊர் திரும்பிக் கட்டியதாகப் பேச்சு.

அன்று மாலை நங்கை பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பதுதான் பிசிறு வெட்டுவது. தலை நிமிராமல் புருஷனிடம் கேட்டார்.

"ஏனுங்க, நாம ஒருக்கா அங்க போயிட்டு வரலாமுங்களா?"

"அங்க ஆரு இருக்கறாங்க?"

"ஆருமில்லீங்க."

"ஏதாச்சும் விசேசமா?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்கு?"

நங்கை அடுத்த பனியனை எடுத்தார். எங்கள் வீட்டில் வாசற்படி தாண்ட ஒரு காரணம் வேண்டும். கல்யாணம், இழவு, கோயில், நூல், ஆஸ்பத்திரி. சினிமாவுக்குப் போனால்கூட வழியில் நூல் கடையில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் போவோம். அதனால் அது நூலில் சேர்ந்துவிடும்.

பிற்பாடு தனியாக இருந்தபோது, அப்படி என்ன அங்கே என்று கேட்டேன். கத்தரியைக் கீழே வைத்தார். அவர் கத்தரியைக் கீழே வைப்பது அபூர்வம்.

"பொறந்ததுலயிருந்து நான் போன எடத்துலயெல்லாம் எனக்கொரு வேலை இருந்துது தம்பி. கல்யாண ஊட்டுல காய் நறுக்கோணும். எழவு ஊட்டுல அழுகோணும். கோயல்ல பொங்கல் வெக்கோணும். ஒரு வேலையுமில்லாத எடத்துக்கு ஒருக்காப் போகோணும். அவ்வளவுதான்."

வாசகரே, கதையில் பணயம் இவ்வளவுதான். பெரிதாக ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், உங்கள் வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

5

விஷயம் பெரிய அண்ணனிடம் போனது. அவர் மறுக்கவில்லை. முன்பின் தெரியாத இடம், பெண்பிள்ளையை அழைத்துப் போகுமுன் ஆண்கள் போய்ப் பார்த்துவர வேண்டும் என்றார். சம்பந்தம் பேசுமுன் ஊர் விசாரிக்கப் போவது போல வெள்ளை வேட்டி கட்டி, பக்கீர் முகமதுவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

பொழுது சாயத் திரும்பி வந்தார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று பாய்தான் சொன்னார். வாசல் திறந்துதான் இருந்ததாம். ஒருவன் கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தானாம். இவர்களைப் பார்த்தானாம். எழுந்திருக்கவில்லை. 'வாங்க' என்று சொல்லவில்லை. சொல்வான் என்று இருவரும் வெயிலில் நின்றிருக்கிறார்கள். மற்றவர்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருக்க, பெரிய அண்ணன் மட்டும் வேட்டி நுனியைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். பஸ் வந்தது. ஏறிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் விரோதி வாசலில் வந்து நின்றாலும் முதலில் 'வாங்க'. சண்டை அதற்குப் பிறகு. அந்தச் சொல் இல்லாத வாசலைத் தாண்டுகிறவனுக்கு மானம் இல்லை.

(சினிமாக் கொட்டகையில் யார் வாங்க சொன்னார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிப்பவன் எங்கள் சித்தப்பா மகன்.)

"அழைக்காத எடத்துக்கு நாம போறதில்ல" என்றார் பெரிய அண்ணன். அத்தோடு முடிந்தது.

6

முடியவில்லை. பாய் இருக்கிறார்.

அடுத்த வாரம் மூட்டை எடுக்க வந்தபோது கூடவே கோட்டுப் போட்ட ஒருவரை அழைத்து வந்தார். தோட்டத்தின் மேனேஜர், பெயர் சிவசுப்பிரமணியம், திருநெல்வேலிப் பக்கம். கையில் ஒரு தட்டு, அதில் வெற்றிலை பாக்கு. பாய் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"எல்லாரும் குடும்பத்தோட வந்துரணும் அண்ணாச்சி."

பெரிய அண்ணன் துண்டைச் சரிசெய்துகொண்டார். "முகூர்த்தம் எத்தன மணிக்குங்க?"

மேனேஜர் பாயைப் பார்த்தார். பாய் தலையை ஆட்டினார்.

"பத்து மணிக்கு" என்றார் மேனேஜர்.

தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார் பெரிய அண்ணன்.

இந்த மேனேஜரை நான் முழுதாக நம்பவில்லை. ஒரு வரைவில் அவர், பாய் சலூனிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த ஆள். இன்னொன்றில் உண்மையான மேனேஜர். கூட்டம் குறைந்து தவித்தவர். இந்தக் குடும்பம் வந்தால் தெருவே வரும் என்று பாய் சொன்னதை நம்பியவர். இரண்டாவதையே வைத்துக்கொள்கிறேன். சலூன் ஆளுக்கு அவ்வளவு சோகமான முகம் இருக்க—

(வேண்டாம். நகர்வோம்.)

7

போகிற நாளுக்கு முந்தைய மாலை. சீர்த் தட்டில் என்ன வைப்பது என்று ஆலோசனை. தேங்காய், பழம் சரி. பனியன் வைக்கலாமா என்று பேச்சு. அப்போது சின்ன அண்ணன் அங்கே இருந்த பாயிடம் சாதாரணமாகக் கேட்டார், அந்த மேனேஜரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. பாய் எதையும் மறைக்கத் தெரியாதவர்.

"அந்தப் பனிமலைக்குப் பஞ்சு போட்டது நாந்தானுங்ணா. உங்க வேஸ்ட்டும் அதுல இருக்குதுங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தோம். பிறகு சிரிப்பு. சின்ன அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மூலையில் குவிந்திருந்த குப்பையைக் காட்டி, "இந்தா கெடக்குது கண்ணம்மா உன்ர மலை. பஸ்ஸுக்குப் போற காசு மிச்சம். மூணு சுத்து சுத்திக் கும்பிட்டுக்க" என்றார். பெரிய அண்ணனும் சிரித்தார். நானும்தான். தேங்காயைத் தட்டிலிருந்து எடுத்துச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நங்கையின் கத்தரி நின்றது.

(இங்கே ஒரு மௌனம். எழுத்தில் அதை எப்படி வைப்பது என்று இத்தனை புத்தகம் படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அரைப்பக்கம் வெறுமையாக விட்டால் அச்சுக்கோப்பவர் ஏதோ விட்டுப்போயிற்று என்று கீழே உள்ளதை மேலே ஏற்றிவிடுவார்.)

நங்கை பெரிய அண்ணனோடு நேருக்கு நேர் பேசமாட்டார். புருஷனின் அண்ணனோடு பேசும் வழக்கமில்லை. அதனால் நிட்டிங் மிஷினைப் பார்த்துச் சொன்னார்.

"பஞ்சு நம்முளுதாவே இருக்கட்டுங்க. நான் அங்க வெச்சுப் பார்க்கறேன். வெத்தலைய வாங்கிட்டுப் போகாம இருக்கறது நாயமுங்களா?"

சிரிப்பு அடங்கியது. பெரிய அண்ணன் வெகுநேரம் மிஷினையே பார்த்தார், அதுதான் பேசியது போல.

"அது நாயந்தான்" என்றார்.

தேங்காய் திரும்பி வந்தது.

8

போனோம்.

வளைவின் கீழே மேனேஜர் நின்றிருந்தார். அதே கோட்டு. "வாங்க, வாங்க" என்றார். ஒன்றுக்கு இரண்டு. பெரிய அண்ணன் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. வாசலை ஒட்டியே ஆபீஸ். எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆண்களுக்கு நாற்காலி, நங்கைக்குக் கதவோரமாக ஒரு பெஞ்சு. சீர்த் தட்டைக் கொடுத்தோம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் டிக்கெட் கட்டுகளின் மேல் வைத்தார். காப்பி வந்தது. பெரிய அண்ணன் அவருடைய ஊர், அங்கே மழை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் விசாரித்தார். ஜன்னலுக்கு வெளியே ராட்டினம் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்ப்பது போல அவருக்கு அது.

காப்பி தீர்ந்தது. எழுந்து கும்பிட்டார்.

"அப்ப நாங்க போயிட்டு வர்றமுங்க."

மேனேஜர் பதறினார். "உள்ள ஒண்ணும் பாக்கலையே அண்ணாச்சி?"

"இருக்கட்டுங்க. அழைச்சீங்க, வந்தோம். மனசு நெறஞ்சுது. ஒருத்தர் எடத்துல பூந்து ஒவ்வொண்ணாப் பார்க்கறது மரியாதை இல்லீங்க."

திரும்பிப் பார்த்தோம். பெஞ்சில் நங்கை இல்லை. டம்ளர் இருந்தது. காப்பி நிறைய, மேலே ஆடை படிந்து. எப்போது எழுந்து போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பாய் தேடப் போகக் கிளம்பினார். அதற்குள் நங்கையே வந்துவிட்டார். நிதானமாக, முந்தானையை இழுத்துச் செருகியபடி. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

நீங்கள் உடனே ஒரு முடிவுக்கு வருவீர்கள். வராதீர்கள். நங்கையின் தலைமுடியில் பஞ்சு இல்லாத நாளே கிடையாது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் இருந்தது.

9

எழுதிப் பார்த்த முடிவுகள்:

மலை வரைக்கும் போனார். கை வைத்துப் பார்த்தார். அது சுடச்சுட இருந்தது. திரும்பி வந்தார்.

அல்லது, ராட்டினத்தில் ஏறி, உச்சியில் நின்றபோது தன் வாழ்க்கை முழுவதும்— (மன்னிக்கவும்.)

அல்லது, எங்கேயும் போகவில்லை. ஆபீஸுக்குப் பின்னால் இருந்த குழாயடியில் நின்றிருந்தார், அவ்வளவு நேரமும்.

நேரில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே கேட்டேன். "காப்பி நல்லா இருந்துதா தம்பி?" என்றார்.

எனக்கு எந்த முடிவும் பிடிக்கவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு அனுப்புங்கள், ரயிலில் ஏற்றுங்கள், குழாயடியிலேயே நிறுத்துங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அவரை அங்கே அழ வைக்காதீர்கள், எதையும் உணர வைக்காதீர்கள், புருஷனை மன்னிக்க வைக்காதீர்கள். அந்த இடத்தில் அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிடாதீர்கள்.

10

அதிசயத் தோட்டத்தை இரண்டு வருடத்தில் மூடிவிட்டார்கள். பனிமலையைப் பக்கீர் முகமதுவே திரும்ப எடுத்துத் தலையணைக்கு விற்றார். இப்போது ஈரோட்டில் மகனோடு இருக்கிறார். சென்னிமலை அண்ணன் எழுபத்திரண்டாம் வருடம் மாரடைப்பில் இறந்தார். எப்படியோ தகவல் தெரிந்து சிவசுப்பிரமணியம் திருநெல்வேலியிலிருந்து வந்து, காரியம் முடியும்வரை கூட நின்றார். கந்தவேல் அண்ணனிடம் இப்போது எட்டு மிஷின். பெண்கள் இருவரும் வெள்ளகோவிலிலிருந்து வந்துவிட்டார்கள், படிக்கிறார்கள். நான் கட்டிங் பார்க்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கண்ணம்மாள் நங்கை நன்றாக இருக்கிறார். மாதத்தில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார். இருட்டுவதற்குள் வந்துவிடுகிறார். எங்கே என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது கேட்பதில்லை.