முனீராவுக்கு வந்த மானியம்

சிங்கப்பூரின் கிராஞ்சியில் ஒரே வேலிக்கு இருபுறமும் இரண்டு கீரைப் பண்ணைகள். இந்தப் பக்கம் சம்சுன்னிசாவுடையது. மண்ணில் தண்டுக்கீரையும் வல்லாரையும் கறிவேப்பிலையும் வளர்த்து, தேக்கா சந்தைக் கடைகளுக்கு அவளே வேனில் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்தப் பக்கம் அவளுடைய கணவன் ரவூபின் தம்பி மனைவி முனீராவுடையது. வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த முனீரா, குளிரூட்டிய கொட்டகையில் அடுக்கடுக்காகத் தட்டுகளை வைத்து, ஊதா விளக்கொளியில் கீரை வளர்த்தாள். கொட்டகைச் செலவில் பாதியை அரசாங்கம் மானியமாக ஏற்றுக்கொண்டது.

அந்தப் பாதிதான் சம்சுன்னிசாவுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

"மண்ணைத் தொடாம விவசாயமாம்" என்றாள் ரவூபிடம். "நாம வெயில்ல காயுறோம். கவர்மெண்டு கண்ணுக்கு அவதான் தெரியிறா."

"அவ படிச்சவ லா. போய்ப் பேசத் தெரியுது. விடு."

அவளால் விட முடியவில்லை. செய்தித்தாளில் முனீராவின் படம் வந்தது. பண்ணைக்கு வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பச்சைப்பசேலென்று தெரிந்தது சம்சுன்னிசாவின் கறிவேப்பிலை. பூன் லே பகுதியிலிருந்த குடும்ப வீட்டில் மாமியார் அந்தப் படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தார். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் சம்சுன்னிசா அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒருநாள் காலை முனீரா, அக்கா முறையில் 'லாத்தா' என்று கூப்பிட்டபடி, வேலியருகே வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"லாத்தா, ஏர்கான் கெட்டுப்போச்சு. எல்லாத் தட்டும் அழுகிடுச்சு. நாளைக்கு ஆபீசர் விளைச்சல் பாக்க வர்றாங்க. அதைப் பாத்துத்தான் மீதி மானியம் தருவாங்க. உங்க தண்டுக்கீரையில கொஞ்சம் குடுங்களேன், என் டப்பாவுல அடுக்கி வச்சிடுறேன்."

சம்சுன்னிசாவுக்கு நெஞ்சுக்குள் தேன் ஊறியது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "எல்லாம் தேக்காவுக்குச் சொன்னது. முடியாது லா" என்றாள்.

முனீரா தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

மறுநாள் சுசீலா என்ற அதிகாரி வந்தாள். அவள் கொட்டகையிலிருந்து வெளியே வரும்வரை சம்சுன்னிசா வேலியோரம் களை பிடுங்குவதுபோல் காத்திருந்தாள்.

"மேடம், உள்ள ஒண்ணுமே விளையலை. வெளியில கீரை வாங்கிக் காட்டப் பாத்தாங்க. என்கிட்டயே கேட்டாங்க."

சுசீலா கார் சாவியை எடுத்தாள். "தெரியும்க்கா. நேத்து அவங்களே போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. உங்ககிட்டக் கேட்டதையும் சேத்துத்தான். மெஷின் சரிபண்ண மூணு மாசம் டைம் குடுத்திருக்கோம்." பிறகு மெதுவாக, "நீங்க சொன்னதை நான் அவங்ககிட்டச் சொல்ல மாட்டேன்" என்றுவிட்டுக் காரில் ஏறினாள்.

சம்சுன்னிசா பிடுங்கிக் கையில் வைத்திருந்தது களையல்ல, வல்லாரை.

அந்த வெள்ளிக்கிழமை பூன் லேயில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது முனீரா மாமியாரிடம் சொன்னாள்: "லாத்தா முடியாதுன்னு சொன்னப்பத்தான் எனக்கே வெக்கமாப் போச்சு, மாமி. உடனே உண்மையைச் சொல்லிட்டேன். லாத்தாவாலதான் தப்பிச்சேன்."

சம்சுன்னிசா தட்டிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கினாள். மாமியார் அவள் தட்டில் ஒரு துண்டு இறைச்சியை வைத்தார். திருமணமாகி வந்ததிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்காக அவள் ஏங்கியிருக்கிறாள். இதோ வரப்போகிறது என்று குனிந்தபடியே காத்திருந்தாள்.

"நம்ம முனீராவுக்கு எவ்வளவு நல்ல மனசு பாத்தியா" என்றார் மாமியார். "நல்ல பேரைக்கூடத் தனக்குன்னு வச்சிக்கலை."

மூன்று மாதம் கழித்து மீதி மானியமும் வந்தது. சம்சுன்னிசா முனீராவைக் கட்டியணைத்து, "மாஷா அல்லாஹ்" என்றாள். அவள் தோளுக்கு மேலே, திறந்திருந்த கொட்டகைக் கதவு வழியாக, தட்டுத் தட்டாக நிறைந்திருந்த கீரை தெரிந்தது. நல்ல கீரைதான். அதுதான் பொறுக்கவில்லை.