ஏழுக்குப் பிறகு ஒரு தட்டு

சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒத்திகை அறையில் அன்று மதியம் யாரும் யாரையும் நேருக்கு நேர் பார்க்கவில்லை. ஆல்பத்தின் அட்டை அச்சுக்குப் போகிற நாள். அட்டையை வடிவமைப்பவர் காலையிலிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் எழுதியவர் பெயர் கொடுத்தாகிவிட்டது. கடைசியில் வரும் அந்த இருபது நிமிடப் பாட்டுக்குத்தான் பாக்கி.

இருபது நிமிடமா என்று வாயைப் பிளக்க வேண்டாம். இவர்கள் வாசிப்பது புரோகிரசிவ் ராக். அதில் பாட்டு என்பது வீட்டுக்குள் நுழைந்து, எல்லா அறைகளையும் எட்டிப் பார்த்து, போன வழியை மறந்து, கடைசியில் வாசலுக்கே வந்து சேருகிற சமாச்சாரம். தாளம் ஏழில் போகும், ஐந்தில் போகும், கேட்கிறவர் தலையாட்டத் தொடங்கியதும் மாறிவிடும். அண்ணன் கிட்டார் வாசித்துப் பாடுவார். அண்ணி கீபோர்டு. அண்ணனின் பழைய கூட்டாளி குச்சி டிரம்ஸ். ஆளும் குச்சி, கையிலும் குச்சி, வேறு என்ன பெயர் வைப்பது? நாலு தடித்த கம்பிகள் போட்ட பேஸ் கிட்டார் அண்ணனின் தங்கையுடையது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிற வேலை, பள்ளிக்கூடம் போகிற மகள், நாற்பதைத் தாண்டிய வயது என்று எல்லாம் இருந்தும் இந்த அறையில் அவள் சின்னுதான்.

முதல் ஆல்பத்தின்போது, எந்தப் பாட்டை யார் எழுதியது என்று அண்ணனும் குச்சியும் சண்டை போட்டு, முகம் பார்த்துப் பேசாமல் மாதக்கணக்கில் திரிந்தார்கள். கணக்கு டீச்சரான அண்ணி அப்போது கொண்டுவந்த ஏற்பாடுதான் கழித்தல். ஒருவரைக் கழித்துவிட்டு மற்றவர்கள் பாட்டை வாசிக்க வேண்டும். பாட்டு தன் காலில் நின்றால், கழிந்தவர் வெறுமனே வாசித்தவர். நிற்காமல் விழுந்தால், அவரும் எழுதியவர். கழிந்தவர் வாத்தியத்தைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார வேண்டும். மற்றவர்கள் வேண்டுமென்றே பாட்டைக் கவிழ்க்கக் கூடாது.

இதுவரை வந்த இரண்டு ஆல்பங்களிலும் சின்னுவைக் கழித்த பாட்டெல்லாம் ஜம்மென்று நின்றன. அதனால் அட்டையின் பின்பக்கம் நன்றி சொல்கிற இடத்தில், ‘எங்களைத் தாங்கிப் பிடிக்கும் தங்கைக்கு’ என்று ஒரு வரி வந்தது. அண்ணன் மனதார எழுதிய வரி, குறை சொல்ல முடியாது. ஆனால் போன மாதம் மகள் அந்த அட்டையைப் புரட்டிவிட்டு, “ஏம்மா, நீயும்தானே கூட வாசிச்ச? உன்னை ஏன் வெளியாள் மாதிரி நன்றியில போட்டிருக்காங்க?” என்று கேட்டுத் தொலைத்தாள். அன்றிலிருந்து அந்த வரி செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தப் பாட்டிலும் தன் பெயர் வராவிட்டால் இனிமேல் கழித்தலுக்கே உட்காருவதில்லை என்று சின்னு முடிவு செய்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணனைக் கழித்தபோது பாட்டு தொடக்கத்திலேயே படுத்துவிட்டது. அண்ணியைக் கழித்தாலும் அதே கதி. குச்சி இல்லாமல் பாதியில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

“சின்னு, நீதான் பாக்கி,” என்றார் அண்ணன். குரலில் ஒரு தயக்கம். “வேணாம்னா விட்டுடலாம்மா. பழையபடி நன்றியில...”

“வாசிங்கண்ணா,” என்று பேஸைப் பெட்டிக்குள் வைத்துத் தாழ் போட்டாள்.

பாட்டு கிளம்பியது. பாழாய்ப்போன பாட்டு, அவள் இல்லாமலும் நன்றாகத்தான் இருந்தது! அண்ணியின் இடது கை அடியில் கனமாக ஓடியது. குச்சியின் கால் அதன் கூடவே போனது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சின்னு நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். மகளிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

நடுவில் ஒரு இடம் வரும். ஏழு ஏழாகச் சுற்றி வந்து எல்லோரும் சேர்ந்து ஒரே அடியாக இறங்குகிற இடம். போன வருடம் ஒத்திகையில் சரியாக அங்கேதான் சின்னுவின் தோள்பட்டை வாரை மாட்டுகிற திருகு கழன்றது. வாத்தியம் கீழே விழப் போக, முழங்காலைக் கொடுத்துத் தாங்கி, தட்டுத் தடுமாறி அவள் கம்பியை மீட்டியபோது தாளத்தில் ஒரு தட்டு பிந்திவிட்டது. மற்ற மூவரும் பதறிப்போய் நின்று, அவள் சுரம் காதில் விழுந்த பிறகுதான் இறங்கினார்கள். அண்ணன் காச்சுமூச்சென்று கத்தினார். குச்சிதான், “கத்தாதேடா. சின்னு, அதையே இன்னொரு தடவை பண்ணும்மா,” என்றார்.

ஏழுக்குப் பிறகு யாருமே இல்லாத ஒரு தட்டு. அப்புறம் தடித்த கம்பியின் ஒற்றைச் சுரம். அதன் பிறகு மொத்தக் கூட்டமும். பின்னால் பாட்டைப் பதிவு செய்தவருக்கே உடம்பு சிலிர்த்தது. திருகை அன்றைக்கே முடுக்கியாகிவிட்டது, தட்டு மட்டும் பாட்டிலேயே தங்கிவிட்டது. அதை ஒருவர் எழுதியதாக யாரும் நினைக்கவில்லை. சின்னுவும் நினைக்கவில்லை. கழன்றுபோன திருகுக்கு யார் பெயர் போட்டுக்கொள்வார்கள்?

இப்போது அந்த இடம் வந்தது. ஏழு முடிந்தது. மூவரும் நின்றார்கள். அந்த ஒரு தட்டு கடந்தது. அடுத்ததும் கடந்தது. யாரும் இறங்கவில்லை. குச்சியின் இரண்டு கைகளும் தூக்கியது தூக்கியபடி இருந்தன. அண்ணியின் விரல்கள் கட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. அண்ணன் கண்ணைத் திறந்தார். மூன்று முகங்களும் அவள் உட்கார்ந்திருந்த மூலைக்குத் திரும்பின. கீழே சலவை இயந்திரம் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அவள் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான். இன்னும் ஒரு மூச்சு பொறுத்தால் பாட்டு விழும், அட்டையில் பெயர் வரும். அது அவளுக்குத் தெரியாமலா? ஆனால் மூன்று வருடம் சேர்ந்து வளர்த்த பாட்டு தன் கண்ணெதிரே தொங்கிக்கொண்டு நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை. வலது கால் தானாக எழுந்து பலகைத் தரையில் தொம்மென்று இறங்கியது.

அந்தக் கணமே மூவரும் இறங்கினார்கள். கடைசிவரை நிறுத்தவேயில்லை.

முடிந்ததும் சின்னு தலையில் கை வைத்துக்கொண்டாள். “போச்சு. நானே கெடுத்துட்டேன். பாட்டு விழலை, கணக்கு செல்லாது.” பிறகு கோபம் வந்தது. “நீங்க எதுக்கு அங்க நின்னீங்க? ஒரு தட்டுதானே? எண்ணிட்டு இறங்க வேண்டியதுதானே?”

“எண்ணறதா?” என்றார் குச்சி. “அந்த இடத்துல நான் என்னிக்கும்மா எண்ணியிருக்கேன்? உன் சத்தம் வரும்னு உட்கார்ந்திருப்பேன்.”

“நானும் அப்படித்தான்,” என்றாள் அண்ணி. “என் பள்ளிக்கூடத்துல சொல்லிடாதே. எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாத கணக்கு டீச்சர்னு பேர் வந்துடும்.”

“அப்ப கணக்கு?”

“கணக்கு சரியாத்தான் இருக்கு. உன்னைக் கழிச்சோம், பாட்டு நின்னுபோச்சு. உன் காலைக் கழிக்க மறந்துட்டோம், திரும்ப ஓடிடுச்சு. அதுக்கு நாங்க என்ன பண்றது?” என்றாள் அண்ணி.

அண்ணன் கிட்டாரைக் கழற்றி வைத்தார். தங்கையின் எதிரில் வந்து கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி மேல் உட்கார்ந்தார். “அந்த இடத்துல ஏன் எனக்குப் பயமே வர்றதில்லைன்னு நான் யோசிச்சதே இல்லை சின்னு,” என்றார். “நீ வந்துடுவேங்கிற தைரியம்தான். மன்னிச்சுக்கோம்மா.” மேடையில் ஆயிரம் பேருக்கு முன்னால் பாடுகிற மனிதர், துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

போன் அடித்தது. அட்டைக்காரர்தான். அண்ணன் ஒலிபெருக்கியில் போட்டார். கடைசிப் பாட்டை எழுதியவர்கள் என்று நாலு பேர் பெயரையும் சொன்னார். தங்கையின் பெயரை மட்டும் எழுத்து எழுத்தாகச் சொல்லி, திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

“நன்றியிலயும் தங்கைக்குன்னு ஒரு வரி இருக்குங்களே. அது இருக்கட்டுமா?”

“எடுத்துடுங்க. வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி போடுவாங்களா?”

“எடுத்தா அங்க ஒரு வரி காலியாத் தெரியும் சார். என்ன போடட்டும்?”

அண்ணன் போனைத் தங்கையிடம் நீட்டினார். “நீயே சொல்லு.”

சின்னு மூவரையும் பார்த்தாள். இத்தனை வருடம் இவர்களைத் தாங்கிப் பிடிப்பது தான் என்றுதான் அந்த வரியை நம்பிக்கொண்டிருந்தாள். திருகு கழன்ற அன்று இந்த மூன்று பேரும் அவளை விட்டுவிட்டு மேலே போயிருக்கலாம். போகவில்லை. இன்றைக்கு வாத்தியமே இல்லாமல் உட்கார்ந்திருந்தபோதும் போகவில்லை.

“எழுதிக்குங்க,” என்றாள். “காத்திருந்த மூணு பேருக்கு நன்றி.”

மறுமுனையில் அவர் எழுதி முடிக்கும்வரை அவளும் காத்திருந்தாள்.