மாறாத ஊதா

எங்கண்ணன் சகாயராஜ் முப்பது வருஷமா மரக்காணம் உப்பளத்துல உப்பு வாரினவன். வெயிலும் உப்போட வெளிச்சமும் சேர்ந்து கண்ணைத் தின்னுடுச்சு. "இன்னொரு சீசன் பாத்தியில எறங்குனா பார்வை போயிடும்"னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பறம்தான் ஆடு வளர்க்க ஆரம்பிச்சான். இருபது ஆட்டையும் வண்டியில ஏத்திக்கிட்டு, நான் வேலை செய்யிற கறிக் கம்பெனிக்கு இன்னிக்கு வந்துட்டான். ஆடுங்க சோதனையில தேறுனா வருஷம் பூரா அவன்கிட்டயே வாங்குவாங்க. தேறலைன்னா மறுபடியும் உப்பளம்தான்.

தேறுதா இல்லையான்னு பார்க்கிறவ நான். சின்னக் கண்ணாடிக் குழாய், அதுக்குள்ள உயிரோட கிருமி. ஆட்டு மூத்திரம் ரெண்டு சொட்டு விட்டு மூணு மணி நேரம் சூட்டுல வைக்கணும். கிருமி பெருகுனா ஊதா நிறம் மஞ்சளாகும். ஆட்டு உடம்புல ஆன்டிபயாடிக் மருந்து மிச்சமிருந்தா கிருமி பெருகாது, ஊதா அப்பிடியே நிக்கும்.

"மருந்து ஏதாவது குடுத்தியாண்ணா?"

"மாதா மேல சத்தியமா இல்ல. கழிச்சல் நின்னு ஒரு மாசமாச்சு, அதோட மருந்தை உட்டுட்டேன்."

மூணு மணி நேரம் போச்சு. இன்னிக்கு ஆடு கொண்டாந்த மத்தவங்க குழாயெல்லாம் மஞ்சள். அண்ணனோடது ஊதா. மாறித் தொலையேன் சனியனேன்னு திட்டினேன். இன்னும் அரை மணி வெச்சுப் பார்த்தேன். ம்ஹூம். பக்கத்துல இருந்த மஞ்சள் குழாயில அவன் பேரை ஒட்டிட்டா யாருக்குத் தெரியப் போகுது? அதைக் கையிலயும் எடுத்துட்டேன்.

அதுக்குள்ள அவன் கதவைத் திறந்து தலையை நீட்டுறான். "ஆச்சா அந்தோணியம்மா? ஆடுங்க எப்பிடி கொழுகொழுன்னு இருக்குது பாரு! எல்லாம் நீ சொன்ன உப்பு மூட்டைதான். இன்னும் பட்டி வாசல்லயே தொங்குது. காலையிலகூட நக்கிட்டுத்தான் வண்டியேறுச்சுங்க."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கழிச்சல் வந்தப்போ ஆடு மருந்தைத் துப்புதுன்னு புலம்பினான். மருந்துப் பொடியை உப்போட கலந்து கோணியில கட்டித் தொங்க உடு, தானா நக்கும்னு சொன்ன மகராசி நான்தான். அப்பறம் அவிழ்த்துடுன்னு சொன்னேனா? அவன் கணக்குல மருந்து முடிஞ்சிப் போச்சு, தொங்குறது வெறும் உப்பு. அடிப்பாவி, கூடப் பொறந்தவன் கண்ணை நானே நோண்டிட்டேனே!

இந்தக் கறி யார் வூட்டுப் புள்ள தட்டுல விழுமோ. மஞ்சள் குழாயை எடுத்த இடத்துலயே வெச்சுட்டு, அண்ணனோட ஊதாக் குழாயைக் கையில எடுத்தேன்.

"தேறலண்ணா. ஊதாவாவே இருக்குது."

அவன் நம்பல. குழாயை என் கையிலருந்து வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, மூக்குக்கிட்ட வெச்சி ரொம்ப நேரம் பார்த்தான். கண்ணுலருந்து தண்ணி வழிஞ்சிக்கிட்டே இருந்துச்சு.

"எனக்கு மஞ்சளாத்தானே பாப்பா தெரியுது?"