வெள்ளைப் பாய்

கோட்டைக்குப் பின்னால் ஒல்லாந்து வெள்ளைக்காரர்கள் கொட்டும் குப்பையில் பச்சையம்மாவுக்கு உதவாத பொருளே இல்லை. உடைந்த சாராயக் குப்பியின் அடிப்பாகம் அவள் வீட்டில் விளக்கானது. பீப்பாயின் இரும்புப் பட்டை மீன் அரியும் கத்தியானது. குப்பத்துப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி செய்வார்கள். பிறகு அவர்களே சத்தமில்லாமல் வந்து, "எனக்கும் ஒரு கத்தி பண்ணிக் குடுடி" என்பார்கள். மனுஷர்கள் அப்படித்தான்.

அந்த வருஷம் அவள் புருஷன் நீலமேகத்தின் கட்டுமரப் பாய் கந்தலாகிவிட்டது. புதிதாக வாங்க வழியில்லை. பாயில்லாமல் கடலுக்குப் போக முடியாது, போகாவிட்டால் அடுப்பு எரியாது. கப்பல்காரர்கள் கழித்துப்போட்ட பாய்த்துணித் துண்டுகளைப் பொறுக்கி, அலசி, வலை நூலால் ஒட்டுப்போட்டு முழுப் பாயே தைத்துவிட்டாள்.

குப்பத்துப் பாய்கள் எல்லாம் மரப்பட்டைச் சாயத்தில் தோய்ந்து செம்மண் நிறத்தில் இருக்கும். "பொறு, பட்டை வேக வெச்சு தோய்ச்சுத் தரேன்" என்றாள்.

"மீன் இன்னா உன் சாயத்துக்குக் காத்துக்கினு கீதா? தொர மாதிரி வெள்ளப் பாயில போய் வரேன், பாரு!"

சிரித்துக்கொண்டே கட்டுமரத்தைக் கடலில் தள்ளினான். அவளும் சிரித்தாள்.

மதியத்துக்கு மேல் காற்று மாறி மழை பிடித்தது. முகத்துவாரத்தில் ஒரு பாய் தத்தளித்து வந்தது. அடியில் இருந்த மரம் சாரலில் தெரியவில்லை, வெள்ளைப் பாய் மட்டும் தெரிந்தது. பஞ்ச காலம் அது. ஏழைகளைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி விற்கிறவர்களின் படகுதான் வெள்ளைப் பாயில் வரும்.

"ஆள்புடிக்கிறவன் வரான்!" என்று யாரோ கத்த, கரை காலியானது. அலையில் சிக்கிய மரத்துக்குக் கயிறு வீசக் கரையில் நாலு பேராவது வேண்டும். ஒருவர்கூட இல்லை. பச்சையம்மாவும் கைக்குழந்தையை வாரிக்கொண்டு தாழங்காட்டுக்குள் ஓடி ஒளிந்தாள். அழுத குழந்தையின் வாயைப் பொத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அலறிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். அதற்குள் கட்டு அவிழ்ந்த கட்டைகள்தான் மிதந்தன.

நீலமேகத்தின் உடல் கிடைக்கவில்லை. பாய் மட்டும் கரை ஒதுங்கியது. தன் கையால் தைத்த பாயைக் கண்டு தானே ஓடியிருக்கிறாள். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

காரியம் முடிந்ததும் பச்சையம்மா பெரிய பானையில் பட்டை வேகவைத்தாள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா பதறிப்போனாள்.

"இப்ப எதுக்குடி சாயம்? இனிமே எந்த மரத்துல கட்டப் போற?"

"கொயந்திக்குத் தூளி கட்டப் போறேன்க்கா."

"தூளிக்கு எதுக்குடி சாயம்?"

பச்சையம்மா பாயைப் பானைக்குள் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"வெள்ளையா இருந்தா, உள்ள புள்ள அழுதாலும் நான் ஓடிடுவேன்க்கா."