விரல்களில் பாதி

1
1953 பங்குனியில், கொட்டாரம் சந்தையில், தலையை ஒரு பக்கம் சாய்த்தே நடந்த பனையேறி ஒருவரைப் பார்த்தேன். நிமிர்ந்தால் எல்லாம் இரண்டாகத் தெரியுமாம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சுயம்பு என்ற பெயர், ஆளில்லாத வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் நான் வைத்தவை.

2
'வானத்தில் இரண்டு நிலவுகள்...' வேண்டாம். பனையேறுகிறவர் நிலவு பார்த்து நிற்கமாட்டார்.

பனையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டபின், தலையைச் சாய்த்துக்கொண்டாலும் கீழே பார்த்தால் சுயம்புவுக்கு எல்லாம் இரண்டு. ஏறிவிடலாம், இறங்கத்தான் முடியாது. டாக்டர் சரியென்றால்தான் மரம் என்று மரத்துக்காரர் சொல்லிவிட்டார். அக்கானிக் காலம், பதநீர் இறங்குகிற நேரம். சீவாவிட்டால் பாளை காய்ந்துவிடும்.

3
டாக்டரம்மா விக்டோரியா தாழ்வாக ஒரு விரலை நீட்டினார். சுயம்பு இரண்டு கண்டார்.

"ஒண்ணு."

இரண்டு நீட்டினார். நான்கு கண்டார்.

"ரெண்டு."

பாதி சொன்னால் தப்பிக்கலாம் என்று பிடித்துக்கொண்டார்.

"கழுத்துல என்ன அண்ணாச்சி, சுளுக்கா?"

"பொறவியே அப்பிடியாக்கும்."

டாக்டரம்மா சுயம்புவின் தலையை நிமிர்த்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடினார். மறுபடி விரல்கள். "இப்ப?"

"ஒண்ணு."

அவர் சிரித்துவிட்டார். "ரெண்டு விரலு நீட்டியிருக்கேன். ஒரு கண்ண மூடுனா ரெட்டை போயிரும். அதையும் பாதியாக்கிட்டியளே!"

சுயம்பு தரையைப் பார்த்தார். இரண்டு தரை.

"தானா சரியாவும். மாசக்கணக்கு ஆவும். அதுவர ஏறாண்டாம்."

"ஏறலேன்னா கஞ்சி ஆரு ஊத்துவா?"

"வீட்டுல ஆரு உண்டு?"

[இங்கே ஒரு மகளை வைக்கலாமா என்று பார்த்தேன். இருந்திருந்தால் கூட வந்திருப்பாள்.]

4
ஒரு முடிவு: அந்தியில் கஞ்சிக்கு உட்காருகிறார். எதிரே இரண்டாவது சட்டி, செத்துப்போன மனைவியே... அடித்துவிட்டேன். கை நீட்டினால் அங்கே வெறும் தரைதான்.

இன்னொன்று: கண் சரியாகிறது. ஆகும். பாளை காத்திருக்காது.

5
விடிந்ததும், யாரிடமும் சொல்லாமல் பனைகள் நிற்கும் விளைக்குப் போனார். ஒரு கண்ணைத் துண்டால் கட்டிப் பார்த்தார். மரம் பக்கத்திலா தள்ளியா என்று பிடிபடவில்லை. அவிழ்த்து எறிந்துவிட்டு ஏறினார். பாளை சீவியாயிற்று. இப்போது இறங்கவேண்டும். குனிந்தால் நான்கு கால்.

"ஏ, கீழ ஆராவது நிக்கியளா?"

அந்த விளையில் நான் யாரையும் வைக்கவில்லை. இனி என் கை ஓடாது. நீங்கள் போய் நில்லுங்கள். எந்தக் காலை எங்கே வைக்கவேண்டும் என்று சத்தம் கொடுங்கள். மேலிருந்து பார்க்கிறவருக்கு நீங்கள் இரண்டு பேர். பழக்கதோஷத்தில் பாதியாக்கிக்கொள்வார். ஆனாலும் ஒருவர் மிச்சம் இருப்பீர்கள்.